ஹெடர் ஃபைல்: தலைப்பா, அறிமுகமா?

ஒரு லைப்ரரியை (மற்ற நிரல்கள் எடுத்தாளும் ஆயத்த நிரல்களின் தொகுப்பு) மூல நிரலிலிருந்து கம்பைல் செய்ய, அதாவது கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்ற உட்கார்ந்தால், பாதியில் ‘எஸ்எஸ்எல்.எச்: அப்படியொரு கோப்போ அடைவோ இல்லை’ என்று கம்பைலர் நின்றுவிடும். எனக்கு முதல் தடவை இது வந்தபோது அந்தக் கோப்புக்குரிய ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியை மறுபடி மறுபடி நிறுவிப் பார்த்தேன். அதுவோ கணினியில் முதலிலிருந்தே இருந்தது. இல்லாதது அதன் ஹெடர் ஃபைல் மட்டும்தான். பெயர் புரிந்திருந்தால் ஒரு மாலைப் பொழுது மிஞ்சியிருக்கும்.

ஹெட் என்றால் தலை. சி மொழி நிரலின் தலைமாட்டில் ‘#இன்க்ளூட்’ போட்டுச் சேர்ப்பதால் ஹெடர். பெயரின் வாலில் இருக்கும் ‘.எச்’சும் அதன் முதலெழுத்துதான். (கல்லூரியில் பலர் ‘ஸ்டூடியோ.எச்’ என்று படிப்பது ஸ்டாண்டர்ட் இன்புட் அவுட்புட்டின் சுருக்கம். ஸ்டூடியோவுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.) இந்தப் பழக்கம் சி மொழிக்கும் மூத்தது. மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் 1967இல் உருவாக்கிய பிசிபிஎல் மொழியில் ‘கெட்’ கட்டளை கொடுத்து ‘லிப்எச்டிஆர்’ என்ற கோப்பைச் சேர்ப்பார்கள். அதாவது லைப்ரரி ஹெடர். பிசிபிஎல்லிலும் பிஎல்/1 என்ற இன்னொரு மொழியிலும் இருந்த இந்த வசதியை ஒட்டித்தான் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி 1972-73 வாக்கில் சி-யில் இன்க்ளூடைக் கொண்டுவந்தார்.

சரி, உள்ளே என்ன இருக்கிறது? பெரும்பாலும் வேலை செய்யும் நிரல் இருக்காது. இன்ன பெயரில் ஒரு செயற்கூறு (ஃபங்ஷன்) உண்டு, இவற்றை வாங்கிக்கொள்ளும், இதைத் திருப்பித் தரும் என்ற விவரம் இருக்கும். செயற்கூறின் உடல் லைப்ரரியில் இருக்கிறது. ஏற்கெனவே கம்பைல் ஆன நிரலை ஓட்ட மட்டும் செய்பவருக்கு இந்த விவரம் தேவையில்லை. அதனால்தான் டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகள் ஹெடர்களைத் தனிப் பொதியாக (பேக்கேஜ்) பிரித்து, பெயரில் ‘-டெவ்’ ஒட்டி வைக்கின்றன. மேலே சொன்ன பிழைக்கு உபுண்டுவில் லிப்எஸ்எஸ்எல்-டெவ், ஃபெடோரா என்ற லினக்ஸில் ஓப்பன்எஸ்எஸ்எல்-டெவெல் நிறுவினால் போதும். பொதியின் பெயர் தெரியாவிட்டால் டெபியன், உபுண்டுவில் ஏபிடி-ஃபைல் கருவியில் ஹெடரின் பெயரைக் கொடுத்துத் தேடலாம். கோப்பு வேறு அடைவில் கிடந்தால், கம்பைலருக்கு ‘-ஐ’ என்று கொடுத்து (ஆங்கிலப் பெரிய எழுத்து) அந்த இடத்தைக் காட்ட வேண்டும். ‘வரையறுக்கப்படாத சுட்டு’ என்று திட்டு விழுந்தால் மட்டும் ஹெடரைத் தேடாதீர்கள். அது கம்பைல் ஆன துண்டுகளை ஒன்றாக இணைக்கும் லிங்கரின் புகார், லைப்ரரியையே இணைக்கவில்லை என்கிறது.

தமிழில் பரவலாக இருப்பது ‘தலைப்புக் கோப்பு’. இதில் கோப்பு அருமையான சொல். பூவைக் கோப்பது போலத் தாள்களைக் கோத்து வைப்பது கோப்பு. ஆங்கில ஃபைலும் நூல் என்று பொருள்படும் ஃபிலும் என்ற லத்தீன் சொல்லிலிருந்தே வந்தது. இடறுவது ‘தலைப்பு’தான். கட்டுரைக்குத் தலைப்பு உண்டு, சேலைக்கும் தலைப்பு உண்டு (அது முனை!). இரண்டும் இங்கே பொருந்தவில்லை. ‘பாயிரம்’ பொருளில் கச்சிதம், நூலின் முன்னே நின்று உள்ளே இருப்பதைச் சொல்வது அது. ஆனால் யார் புழங்குவார்கள்? ‘அறிவிப்புக் கோப்பு’ என்று வைக்கலாமென்றால், கைபேசி நோட்டிஃபிகேஷன் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுவிட்டது.

என் தேர்வு ‘அறிமுகக் கோப்பு’. லைப்ரரியில் யார் யார் இருக்கிறார்கள் என்று கம்பைலருக்கு அறிமுகம் செய்துவைப்பதுதானே அதன் வேலை? தலை போனாலும் சொல்லுக்குள் ஒரு முகம் மிச்சமிருக்கிறது.