தகவமைவு: ‘அடாப்டேஷன்’ தமிழுக்கு வந்த வழி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர வீடுகளில் எல்லார் வாயிலும் புழங்கும் சொல் அடாப்டர். வெளியூர் பிளக்கைச் சுவரில் பொருத்த உதவும் அந்தக் கட்டைக்கும், வாழும் சூழலுக்கு உயிரின் உடல் தலைமுறை வழியே பொருந்திவருவதைக் குறிக்கும் உயிரியலின் அடாப்டேஷனுக்கும் வேர் ஒன்றே: ‘பொருந்திய’ என்னும் பொருளுடைய ‘ஆப்டஸ்’ என்ற லத்தீன் சொல். அடாப்டரைச் செய்ய ஒருவர் வேண்டும். விலங்கின் உடலை அப்படி யாரும் செய்து கொடுப்பதில்லை.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அடாப்டேஷன் என்பது தகவமைப்பு. இலங்கைப் பாடநூல்களில் இசைவாக்கம். இவற்றுள் ‘தகவு’ பழஞ்சொல். தகுதி, பொருத்தம், நடுவுநிலை என்று பொருள் விரியும். “தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தாற் காணப்படும்” என்கிறது குறள். எச்சம் என்பதைப் பரிமேலழகர் நன்மக்கள் என்றே கொள்கிறார். வள்ளுவர் பேசியது அறம்தான். ஆனாலும் தகவைப் பிள்ளைகளை வைத்து அளக்கும் இந்த வரியைக் கேட்டால், தாங்களும் பிள்ளைகளை எண்ணியே உயிரின் தகுதியை அளக்கும் டார்வின் வழிப் பரிணாம அறிஞர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

குறை அந்தச் சொற்களின் பின்பாதியில் இருக்கிறது. அமைத்தல் பிறவினை, அமைதல் தன்வினை. அமைப்பு, ஆக்கம் என்றதும் ‘யார் செய்தது?’ என்ற கேள்வி கூடவே வருகிறது. “விலங்கு தன்னைத் தகவமைத்துக்கொண்டது” என்று எழுதும்போது, அது யோசித்து முடிவெடுத்ததுபோல் ஆகிவிடுகிறது. ஆகவே என் தேர்வு தகவமைவு.

டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத் தோட்டங்களில் புல்தரையை வரப்பாகக் கிளப்பிப் போகும் கோல்டன் மோலைப் பாருங்கள். பொன்னெலி என்போம். கண்கள் தோலுக்கடியில் மூடிக்கிடக்கும், காதுமடல் கிடையாது, முன்கால் நகங்கள் தடித்தவை. பார்வைக்கு ஐரோப்பிய அகழெலியின் பங்காளி; உண்மையில் யானைக்கும் பாறையில் வெயில் காயும் டாஸி என்ற சிறு விலங்குக்கும்தான் கிட்டத்து உறவு. மண்ணுக்கடியில் வாழ்ந்த இரண்டு மரபுகள் தனித்தனியே ஒரே உருவத்துக்கு வந்து சேர்ந்தன. எந்த எலியும் கண்ணை மூடத் தீர்மானிக்கவில்லை. தோண்ட வாகான உடலோடு பிறந்தவை கூடுதல் குட்டிகளை விட்டுச்சென்றன. தலைமுறை தலைமுறையாக அந்த உடலே மிஞ்சியது.

ஒரே ஆயுளுக்குள் நடக்கும் மாற்றம் வேறு. கடலோர டர்பனிலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்து ஜொகன்னஸ்பர்க்குக் குடிபோனவருக்கு முதலில் மூச்சு வாங்கும். சில வாரங்களில் சிவப்பணுக்கள் பெருகும். அந்தப் பெருக்கம் பிள்ளைக்குப் போய்ச் சேராது. ஆங்கிலத்தில் இதையும் அடாப்டேஷன் என்றே சொல்லிவிடுவார்கள். நமக்கு ‘உடம்பு பழகிவிட்டது’ என்ற வீட்டுப் பேச்சே போதும்.

மரபில் நிலைத்த மாற்றமெல்லாம் தகவமைவு என்றும் சொல்லிவிட முடியாது. ஆப்பிரிக்காவில் பெண் யானைக்கும் தந்தம் உண்டு. ஆனால் கிழக்குக் கேப் மாகாணத்தின் அடோ யானைப் பூங்காவில் பெண் யானைகளில் பெரும்பாலானவற்றுக்குத் தந்தமில்லை. 1931இல் பூங்கா தொடங்கியபோது வேட்டைக்குத் தப்பி எஞ்சியவை 11 யானைகளே. அந்தச் சிறு கூட்டத்துக்குள் தற்செயலாக அமைந்த பண்பு வழிவழியாகப் பெருகியது என்பதே முதன்மையான விளக்கம். இதை மரபணு நகர்வு என்பார்கள். மொசாம்பிக்கின் கொரொங்கோசா பூங்காவில் நடந்ததோ வேறு: 1977 முதல் 1992 வரை நீடித்த உள்நாட்டுப் போரில் தந்தத்துக்காக யானைகளைக் கொன்று குவித்தார்கள், தந்தமில்லாத பெண் யானைகள் கூடுதலாகத் தப்பின, அவற்றின் மகள்களில் பலவும் தந்தமின்றிப் பிறந்தன. அந்தத் தாய்களுக்கு ஆண் குட்டி குறைவு என்பது இதன் மறுபக்கம். கொரொங்கோசாவுக்குத் தகவமைவு என்று எழுதலாம். அடோவுக்கு எழுதக் கூடாது.