எலிப் புழுக்கையை விட்டுவிட்டு வண்டைப் பாருங்கள்

அரிசிச் சாக்குக்குள் எலிப் புழுக்கை கிடந்தால் முகத்தைச் சுளிப்போம், பொறுக்கி எறிவோம், சுளகில் புடைத்து அரிக்கன் சட்டியில் இன்னும் இரண்டு தடவை கூடக் கழுவுவோம். அதே சாக்கில் ஊரும் சிவந்த சின்ன வண்டை யாரும் பெரிதாகக் கணக்கெடுப்பதில்லை, வண்டுதானே என்று விட்டுவிடுவோம். ஆனால் எலியின் குடலில் வாழும் ஒரு நாடாப்புழுவின் விசயத்தில் இது தலைகீழ். புழுக்கையில் இருக்கும் அதன் முட்டை உங்கள் வயிற்றுக்குள் போனாலும் பொரிக்காது, வேகாத வண்டு ஒன்று போனால் புழு வளரலாம். (அதற்காகப் புழுக்கையைப் பொறுக்குவதை நிறுத்திவிடாதீர்கள், சல்மொனெல்லா போன்ற கிருமிகள் அதில் இருக்கலாம்.)

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஊர் எங்கே முடிகிறது, வயல் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. சம்மாந்துறையிலோ அக்கரைப்பற்றிலோ கடைத்தெருவை விட்டுக் கொஞ்சத் தூரம் போனால் வயல், இடையில் அரிசி ஆலை, ஆலைக்குப் பின்னால் தவிட்டு மூட்டை. வரம்பைக் குடையும் அகழெலி, முகட்டு ஓட்டுக்குக் கீழே ஓடும் கறுப்பெலி, அலுமாரிக்குப் பின்னால் குடியிருக்கும் சுண்டெலி என்று ஆளுக்கொரு இடம் பிடித்து வைத்திருக்கின்றன. வேளாண்மை வெட்டி முடிந்து வயலில் தீனி குறைந்தால் நெல் போகும் பக்கமே எலியும் போகும். கானோரமாகக் கீச்சிட்டுக்கொண்டு ஓடும் மூஞ்சூறு எலி இனமே அல்ல, பூச்சி தின்னும் வேறு கூட்டம், இங்கே அதை விட்டுவிடலாம்.

நான் சொல்லும் புழுவின் பெயர் ஹைமனோலெபிஸ் டிமினூட்டா. எலி நாடாப்புழு என்றால் போதும். அதற்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. எலி தின்று செரித்து வைத்திருப்பதற்குள் கிடந்து தோலாலேயே சத்தை உறிஞ்சிக்கொள்கிறது, அந்தத் தோல் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத மயிர் போன்ற முளைகள் இருப்பதால் உறிஞ்சும் பரப்பு பல மடங்கு கூடிவிடுகிறது. தலையில் நான்கு உறிஞ்சிகள், கொக்கி கிடையாது. இன்னொன்று, அது ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு கிடப்பதும் இல்லை. இரவில் எலி மேய்ந்துவிட்டு வரும்போது புழு இரைப்பைப் பக்கமாக முன்னுக்கு நகர்ந்து வரும், பகலில் எலி தூங்கும்போது பின்னுக்குப் போய்விடும். ஆய்வுகூடத்தில் எலிகளுக்குப் பகலில் மட்டும் தீனி போட்டுப் பார்த்தார்கள், புழுவும் தன் நேரத்தை மாற்றிக்கொண்டது. கண்ணில்லை, காதில்லை, ஆனால் பந்தி எப்போது என்று தெரிந்திருக்கிறது!

அதற்கு முக்கியமாகத் தேவைப்படுவது மாச்சத்து. எலியின் தீனியில் இருந்து மாச்சத்தை எடுத்துவிட்டால் புழு வளராமல் குறுகிவிடும் என்பதைச் சோதித்தே கண்டிருக்கிறார்கள், அப்படியென்றால் தவிடும் குறுநொய்யும் தின்று திரியும் ஆலை எலியின் குடல் அதற்கு எவ்வளவு வசதி என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு எலிக்குள் ஒரே ஒரு புழு இருந்தால் அது அரை மீற்றரையும் தாண்டி நீளும். பல புழுக்கள் இருந்தால் ஒவ்வொன்றும் குட்டையாகவே நின்றுவிடும். கிளார்க் ரீட் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1951இல் இதை நெரிசல் விளைவு என்று விளக்கினார், வருகிற மாச்சத்துக்கு எல்லாம் சேர்ந்து போட்டி போடுவதுதான் காரணம் என்பது அவருடைய கருத்து. எலி செத்தால் புழுவும் சாகும். ஆனால் அந்தப் புழுவுக்கென்று வயது எல்லை இருப்பதாகத் தெரியவில்லை, சத்திரசிகிச்சை செய்து ஒரு எலியில் இருந்து இன்னொரு எலிக்கு மாற்றிக்கொண்டே போய் அதே புழுவைப் பத்து ஆண்டுகளுக்கு மேல் உயிரோடு வைத்திருந்திருக்கிறார்கள்.

சரி, முட்டைக்கு வருவோம். நன்றாக வளர்ந்த ஒரு புழு நாளொன்றுக்கு இரண்டரை இலட்சம் முட்டை வரை விடும். எல்லாம் புழுக்கையோடு வெளியே வரும். இத்தனை முட்டையும் இன்னொரு எலியின் வாய்க்குள் நேரே போனாலும் ஒரு பயனும் இல்லை, ஏனென்றால் அந்த ஓடு தடிப்பானது, யாராவது பல்லால் கடித்ததுபோல் உடைத்துக் கொடுக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது மாவண்டு, சாக்கில் ஊரும் அந்தச் சிவந்த சின்ன வண்டுதான். ஆலையில் கூட்டி ஒதுக்கிய குப்பையில் தவிடு, உடைந்த அரிசி, புழுக்கை எல்லாம் ஒன்றாகக் கிடக்கிறது, வண்டு எதையும் பிரித்துப் பார்ப்பதில்லை. அதன் தாடையில் ஓடு நொறுங்கியதும் உள்ளே இருந்து ஆறு கொக்கியுள்ள ஒரு நுண்ணிய குடம்பி (இளம்புழு) வெளிவரும். அது வண்டின் குடலைக் கிழித்துக்கொண்டு உடற்குழிக்குள் போய், சூடான காலநிலையில் இரண்டு வாரத்துக்குள் ஒரு சிறு பை மாதிரி உருமாறி, தலையை உள்ளே இழுத்துக்கொண்டு காத்திருக்கும். அந்த வண்டை எலி தின்ன வேண்டும். எலியின் செரிமான நீரும் பித்தமும் பட்டதும் தலை வெளியே வந்து குடற்சுவரைப் பற்றிக்கொள்ளும், மூன்று வாரம் ஆவதற்குள் புழுக்கையில் புது முட்டை.

காத்திருக்கும் அந்தக் குடம்பி சும்மா இருப்பதும் இல்லை. பழைய மாப்பேணியைத் திறந்தால் வருமே ஒரு காரமான வாடை, அது வண்டுகள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள விடும் இரசாயனம். மாப்புழு வண்டு என்ற பெரிய வகையில் செய்த ஆய்வில், குடம்பி உள்ள வண்டுகள் இந்த இரசாயனத்தைக் குறைவாகவே விடுகின்றன என்று கண்டார்கள். வாடை குறைந்தால் எலிக்குத் தின்ன இலகு. குடம்பி வேண்டுமென்றே இதைச் செய்கிறதா, அல்லது நோயால் வண்டு களைத்துப் போவதுதானா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எது காரணமானாலும் இலாபம் புழுவுக்கு.

மனிதன் இதற்குள் தவறிப்போய் வருகிறவன். இந்தப் புழு மனிதரில் காணப்படுவது அரிது, பெரும்பாலும் சிறுபிள்ளைகளில்தான், பலருக்கு அறிகுறியே இருக்காது, சிலருக்கு வயிற்றுவலி, வயிற்றோட்டம். பிட்டு, இடியப்பம் என்று அவித்துச் சாப்பிடும் மாவில் பயமில்லை, ஆவியில் வண்டும் சாகும் குடம்பியும் சாகும். மாவை வறுக்கும்போதும் அப்படியே. வறுத்த பிறகு பேணியில் போட்டு வாரக்கணக்கில் வைத்து, அதை அவிக்காமல் சீனி போட்டுக் குழைத்துத் தின்னும் பொரிமா, சத்துமா போன்றவற்றில்தான் கவனம் தேவை, வண்டு திரும்பி வருவது வறுத்ததற்குப் பிறகுதானே. நோன்புக்கு வாங்கி மிஞ்சிய பேரீச்சம்பழமும் அந்தக் கணக்குத்தான், பிரித்துப் பார்த்துவிட்டுச் சாப்பிடுங்கள். எலியைப் பாசாணம் வைத்துக் கொன்றால் போதாதா என்று கேட்பார்கள். எலியோடு அதன் புழு சாகும், ஆனால் சாக்கில் ஏற்கெனவே இருக்கும் வண்டுக்குள் உள்ள குடம்பிக்கு ஒன்றும் ஆகாது, மாவண்டு ஒரு வருடத்துக்கு மேலும் உயிர் வாழும். கச்சான் காலத்து வெயிலில் தகரத்தின் மேல் அரிசியை மெல்லியதாகப் பரப்பிக் காயப்போடுவது எனக்குப் பாசாணத்தைவிட உருப்படியான வேலையாகத் தெரிகிறது, 50 பாகைக்கு மேல் சூடேறினால் வண்டால் தாக்குப்பிடிக்க முடியாது.

எலியின் குடலில் வேறு ஆட்களும் உண்டு, ஒவ்வொருவருக்கும் வழி வேறு. நிப்போஸ்ட்ரோங்கைலஸ் என்ற உருளைப்புழுவின் குடம்பி ஈரமண்ணில் காத்திருந்து எலியின் தோலைத் துளைத்து, நுரையீரலுக்குப் போய், இருமலோடு தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலுக்கு வரும். அதனால் அதற்கு மாரி மழையில் ஊறிய கானோரம் நல்லது, காய்ந்த தரையில் செத்துவிடும், மனிதருக்கு அது வருவதில்லை. மொனிலிஃபோர்மிஸ் என்ற முள்தலைப் புழு கரப்பான் வழியாகப் போகிறது. 1888இல் சிசிலியில் கலன்ட்ரூச்சோ என்பவர் சோதனைக்காக இந்தப் புழுவின் குடம்பிகளைத் தானே விழுங்கி வயிற்றுவலியால் அவதிப்பட்டார். அந்தக் காலத்து ஆட்கள்!

எலியின் நுரையீரல் புழு என்று ஒன்று இருக்கிறது, பெயர் அப்படியென்றாலும் வெளியேறும் பாதை குடல்தான். நுரையீரலில் பொரித்த குடம்பி இருமலோடு வந்து விழுங்கப்பட்டுப் புழுக்கையில் இறங்கும், அதை நத்தை தின்னும், நத்தையை எலி தின்னும். தோட்டத்தில் மரவள்ளி இலையில் ஏறும் பெரிய ஆபிரிக்க நத்தையும் இதைச் சுமக்கக்கூடியது. சரியாகக் கழுவாத பச்சை இலையில் சின்ன நத்தை ஒட்டியிருந்து மனிதர் வாய்க்குப் போனால் குடம்பி மூளைப் பக்கம் போய் மூளைக்காய்ச்சலை உண்டாக்கும். ஆபத்து என்று பார்த்தால் இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. வல்லாரைச் சம்பல் போடுகிறவர்கள் இலையை ஒவ்வொன்றாக ஓடும் தண்ணீரில் பிடித்துக் கழுவ வேண்டும், கட்டோடு ஒருமுறை முக்கி எடுப்பது கழுவுதல் இல்லை.

கடைசியாக ஒன்று, எலி நாடாப்புழுவுக்குக் குள்ள நாடாப்புழு என்று ஒரு உறவு இருக்கிறது, நான்கு சென்ரிமீற்றர் வரைதான் வளரும், மனிதரில் உலகெங்கும் மிகச் சாதாரணமாகக் காணப்படும் நாடாப்புழு அதுதான். எலியில் இருப்பதும் மனிதரில் இருப்பதும் ஒரே வகையா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. இதற்கு வண்டு கட்டாயமில்லை. முட்டை மனிதக் குடலிலேயே பொரிக்கும், பிள்ளையின் கையில் இருந்து பிள்ளைக்குப் போகும், ஒரே ஆளுக்குள்ளேயே திரும்பத் திரும்பப் பெருகவும் செய்யும்.

இரண்டையும் பிரித்தறிய மலத்தைச் செறிந்த உப்புக் கரைசலில் கலக்கிச் சிறிது நேரம் விடுவார்கள். முட்டை இலேசு என்பதால் மேலே மிதந்து வரும், கண்ணாடித் துண்டில் ஒற்றி எடுத்து நுணுக்குக்காட்டியில் வைத்தால் ஓட்டுக்குள் அந்த ஆறு கொக்கியும் தெரியும். எலி நாடாப்புழுவின் முட்டை ஏறக்குறைய 70 மைக்ரோமீற்றர், குள்ளனுடையது அதில் பாதி, உள் உறையின் இரண்டு முனையிலும் இழைகள் இருக்கும். பெரிய முட்டை என்றால் குசினியில் மாப்பேணியைத் திறந்து பார்க்க வேண்டும், சின்ன முட்டை என்றால் வீட்டில் உள்ள எல்லாருடைய மலத்தையும் பார்க்க வேண்டும். மருந்து இரண்டுக்கும் பிராசிகுவான்டெல், வைத்தியரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் வழமையான பூச்சிக் குளிசை உருளைப்புழுக்களுக்கானது, நாடாப்புழுவுக்கு அதை நம்பி இருக்க முடியாது.