டைரக்டர்ஸ் கப்: தடகளத்துக்கு அங்கே என்ன வேலை?

‘தடகள இயக்குநர்கள் கோப்பையை டெக்சஸ் பல்கலைக்கழகம் கைப்பற்றியது’ என்ற பாணியில் ஒரு செய்தி மறுபடியும் கண்ணில் பட்டது. ஒருமுறை என்றால் அவசரத்தில் நேர்ந்த பிழை என்று விட்டுவிடலாம். இந்தக் கோப்பையைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் திரும்பத் திரும்ப இதே சொல்லில் போய் விழுகிறார்கள். வாசகரோ ஓட்டப்பந்தயத்தில் யாரோ வென்றுவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார். அந்தக் கோப்பை எதற்காக ஏற்படுத்தப்பட்டதோ அதற்கு நேர்மாறான பொருள் அவர் மனத்தில் தங்கிவிடுகிறது.

முதலில் கோப்பையைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஆடும் எல்லா விளையாட்டுகளையும் சேர்த்துப் பார்த்தால் எது முன்னே நிற்கிறது என்று கணக்கிட்டு ஆண்டுதோறும் வழங்கப்படுவது இது. 1993-94இல் தொடங்கியது. பல்கலைக்கழக விளையாட்டுத் துறைகளின் தலைமைப் பொறுப்பில் இருப்பவர்களுடைய சங்கமும் ‘யுஎஸ்ஏ டுடே’ நாளிதழும் சேர்ந்து ஏற்படுத்தின. முதலில் ‘சியர்ஸ்’ கோப்பை என்றார்கள், இப்போது ‘லேர்ஃபீல்டு’ கோப்பை என்கிறார்கள். முன்னொட்டு விளம்பரதாரருக்கு ஏற்ப மாறும். ‘டைரக்டர்ஸ் கப்’ என்ற பகுதி மாறவில்லை. அந்த டைரக்டர் யார் என்றால் ‘அத்லெடிக் டைரக்டர்’. வம்பு இங்கேதான் தொடங்குகிறது.

சொல்லின் வேர் எளிது. கிரேக்கத்தில் ‘ஆத்லோஸ்’ என்றால் போட்டி, ‘ஆத்லோன்’ என்றால் போட்டியில் கிடைக்கும் பரிசு. பரிசுக்காகப் போட்டியிடுகிறவர் ‘அத்லெட்’. ஓட்டமும் எறிதலும் மட்டும்தான் போட்டி என்று வேர்ச்சொல் எங்கும் வரம்பு கட்டவில்லை. பிரிட்டிஷ் ஆங்கிலம் ‘அத்லெடிக்ஸ்’ என்பதை ஓட்டம், தாண்டுதல், எறிதல் என்ற வட்டத்துக்குள் சுருக்கிக்கொண்டது. இந்தியப் பத்திரிகைகள் கற்றது அந்த ஆங்கிலத்தைத்தான். அமெரிக்காவோ பழைய அகலமான பொருளை விடவில்லை. அங்கே ‘காலேஜ் அத்லெடிக்ஸ்’ என்றால் கூடைப்பந்தும் நீச்சலும் கோல்ஃபும் வாள்வீச்சும் எல்லாம் அடக்கம். ஓட்டம், எறிதல் மட்டும் என்றால் அவர்கள் சொல்வது ‘டிராக் அண்ட் ஃபீல்டு’.

நம் ‘தடகளம்’ அந்த ‘டிராக் அண்ட் ஃபீல்டு’ என்பதன் அச்சு அசலான தமிழ். தடம் என்பது ஓடும் பாதை. களம் என்பது தாண்டுவதும் எறிவதும் நடக்கும் இடம். விளையாட்டுத் தமிழில் இதைப் போலப் பொருளும் ஓசையும் சுருக்கமும் ஒருசேர அமைந்த சொற்கள் வெகு சில. பள்ளி மாணவரும் தயங்காமல் சொல்கிறார், நாளிதழ் விளையாட்டுப் பக்கம் நாள்தோறும் எழுதுகிறது. இப்படிப்பட்ட நல்ல சொல்லைப் பொருந்தாத இடத்தில் ஒட்டும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. அமெரிக்கர்கள் ஓட்டப் போட்டிகளுக்கு வைத்திருக்கும் பெயரின் தமிழாக்கத்தை எடுத்து, அதே அமெரிக்கர்கள் எல்லா விளையாட்டுக்குமாக வைத்திருக்கும் சொல்லின் மேல் கவிழ்த்துவிடுகிறோம்.

இதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்களுக்கு ஓர் ஆண்டின் கணக்கைக் காட்டுகிறேன். 2018-19இல் இந்தக் கோப்பையில் முதலிடம் பெற்றது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம். அந்த ஆண்டு அது வென்ற தேசியப் பட்டங்கள் ஆறு: பெண்கள் கைப்பந்து, பெண்கள் நீச்சல், பெண்கள் டென்னிஸ், பெண்கள் வாட்டர் போலோ, ஆண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ், ஆண்கள் கோல்ஃப். இதில் தடகளம் எங்கே இருக்கிறது? 2020-21இல் டெக்சஸ் முதன்முறையாகக் கோப்பையைப் பெற்றபோது அது வென்றிருந்த பட்டங்கள் ஆண்கள் நீச்சல், பெண்கள் டென்னிஸ், பெண்கள் துடுப்புப் படகு. அதிலும் இல்லை. 1993-94இல் முதல் கோப்பையைப் பெற்ற வட கரோலினா பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு அது பெண்கள் கால்பந்திலும் பெண்கள் கூடைப்பந்திலும் தேசிய சாம்பியன். கூடைப்பந்து இறுதிப் போட்டியில் ஒரு நொடிகூட மீதமில்லாத நிலையில் சார்லட் ஸ்மித் போட்ட மூன்று புள்ளிக் கூடையால் கிடைத்த பட்டம் அது. அந்த வெற்றியைத் ‘தடகள’ என்ற அடைமொழியின் கீழ் அடைப்பது அநியாயம்.

புள்ளி போடும் முறையையும் பாருங்கள். ஒரு விளையாட்டில் தேசிய சாம்பியன் ஆனால் 100 புள்ளி. அடுத்தடுத்த இடங்களுக்குப் படிப்படியாகக் குறையும். தொலைக்காட்சிப் பணம் கொட்டும் ஆட்டமானாலும் சில நூறு பேர் வந்து பார்க்கும் வாட்டர் போலோ ஆனாலும் சாம்பியனுக்கு அதே 100தான். தொடக்கத்தில் ஆண்கள் பிரிவில் 10, பெண்கள் பிரிவில் 10 என்று விளையாட்டுகளை எண்ணினார்கள். பின்னர் ‘டிவிஷன் 1’ எனப்படும் முதல் பிரிவுப் பல்கலைக்கழகங்களுக்கு இருபாலருக்கும் சேர்த்து மொத்த எண்ணிக்கை 19 ஆகி, ஆண்கள், பெண்கள் கூடைப்பந்து, பேஸ்பால், பெண்கள் கால்பந்து போன்றவற்றைக் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்று விதி வந்தது. கட்டாயம் என்று வைத்தவற்றில்கூடத் தடகளம் கிடையாது. தடகளத்துக்கு உரிய இடம் அதில் நிச்சயம் உண்டு. உள்ளரங்கத் தடகளம், திறந்தவெளித் தடகளம், நெடுந்தூர நாட்டுப்புற ஓட்டம் மூன்றும் தனித்தனிக் கணக்கு. ஆனால் அது பலவற்றில் ஒன்று, தலைப்பில் ஏறும் தகுதி அதற்கு மட்டும் கிடையாது.

அப்படியானால் ‘உடற்கல்வி இயக்குநர்’ என்று எழுதலாமே என்பார்கள். இது தடகளத்தைவிட எவ்வளவோ மேல். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் உயிரோடு வழங்கும் பதவிப் பெயர் அது. அணி தேர்வு செய்வது, மைதானத்தைப் பராமரிப்பது, பல்கலைக்கழகப் போட்டிகளுக்கு மாணவர்களை அழைத்துச் செல்வது, விளையாட்டு ஒதுக்கீட்டுச் சேர்க்கையில் கருத்துச் சொல்வது என்று ஒரே ஆள் பத்து வேலை பார்க்கும் பதவி. அதன் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அமெரிக்க அத்லெடிக் டைரக்டரின் வேலை வேறு. பயிற்சியாளர்களை நியமிப்பதும் நீக்குவதும், பெருந்தொகை வரவு செலவைத் திட்டமிடுவதும், நன்கொடை திரட்டுவதும் அவர் பொறுப்பு. உடற்கல்வி அங்கே ஒரு பாடம், அதற்குத் தனித் துறையும் பேராசிரியர்களும் உண்டு. இரண்டையும் ஒன்றாக்கினால் இரு நாட்டு நிலைமையும் குழம்பும்.

வெறும் ‘இயக்குநர்கள் கோப்பை’ என்றும் எழுத முடியாது. அடைமொழி இல்லாமல் இயக்குநர் என்றாலே தமிழ் வாசகர் மனம் சினிமாவுக்குத்தான் போகும். ஆகவே நான் எழுதுவது ‘விளையாட்டுத் துறை இயக்குநர்கள் கோப்பை’. நீளம்தான். பொருள் சரியாக இருந்தால் இரண்டு சொல் கூடுவதை வாசகர் தாங்கிக்கொள்வார். தலைப்பில் இடமில்லாத துணை ஆசிரியர் ‘டைரக்டர்ஸ் கப்’ என்றே தமிழ் எழுத்தில் போடட்டும். பிழையான தமிழைவிடப் பெயரை அப்படியே எழுதுவது நேர்மையானது. ஸ்பெயினின் பில்பாவோ நகரக் கால்பந்துக் கிளப்பை ‘அத்லெடிக்’ என்றுதானே எழுதுகிறோம், ‘தடகளக் கிளப்’ என்று எழுதுவதில்லையே!

இன்னொரு வழக்கு ‘ஒட்டுமொத்தச் சாம்பியன்’. இது நம் பள்ளி விளையாட்டு விழாக்களில் பிறந்து வளர்ந்த தொடர். இரண்டு நாள் விழா, ஒரே மைதானம், கடைசியில் அதிகப் புள்ளி எடுத்த பள்ளிக்குச் சுழற்கோப்பை. அந்த இடத்தில் இதைவிடப் பொருத்தமான தொடர் கிடையாது. அமெரிக்கக் கோப்பைக்கோ போட்டி என்று ஒன்றே கிடையாது. இலையுதிர்காலம் தொடங்கி அடுத்த கோடை வரை வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு அணிகள் ஆடி முடித்த பிறகு யாரோ உட்கார்ந்து கூட்டிப் பார்க்கிறார்கள். இறுதிப் போட்டி கிடையாது, தோற்றவர் கிடையாது. ‘வீழ்த்தியது’, ‘மகுடம் சூடியது’ என்ற வினைகள் அங்கே பொருந்தா. ‘முதலிடம் பெற்றது’ என்றால் போதும். 1994-95 முதல் 2018-19 வரை தொடர்ந்து 25 ஆண்டுகள் ஸ்டான்ஃபோர்டு முதலிடம் பெற்றது. 2019-20இல் கொரோனாவால் கோப்பை வழங்கப்படவில்லை. இவ்வளவு எளிதாகச் சொல்லிவிடலாம்.

நம் நாட்டில் இதற்கு நெருங்கிய உறவு மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை. 1956-57 முதல் வழங்கப்படுகிறது. அமிர்தசரஸின் குரு நானக் தேவ் பல்கலைக்கழகம் இதை 20 முறைக்கு மேல் பெற்றிருக்கிறது. அர்ஜுனா விருதுப் பட்டியலோடு இந்த அறிவிப்பும் வரும்போது, ‘பல விளையாட்டுகளிலும் சேர்த்துச் சிறந்து விளங்கிய பல்கலைக்கழகத்துக்கு’ என்று விளக்கி எழுதினால் யாருக்கும் குழப்பம் வராது. அதே நிதானத்தை வெளிநாட்டுச் செய்தியிலும் காட்டினால் என்ன?

தடகளம் ஒன்றோடு இது நிற்கவில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டை ஆளும் அமைப்பின் பெயரிலும் ‘அத்லெடிக்’ இருப்பதால் அதையும் ‘தடகளச் சங்கம்’ ஆக்கிவிடுகிறார்கள். அமெரிக்கக் கால்பந்தை வெறும் ‘கால்பந்து’ என்று எழுதி, வாசகரை மெஸ்ஸி ஆடும் ஆட்டத்தை நினைக்க வைக்கிறார்கள். எல்லாவற்றிலும் மோசம், ‘டிவிஷன் 3’ என்பதை ‘மூன்றாம் தரம்’ என்று எழுதுவது. அந்த எண் கல்லூரியின் தரத்தைச் சொல்வதில்லை. விளையாட்டுக்கு எவ்வளவு செலவிடுவது, எந்த விதிகளின்படி நடத்துவது என்பதை ஒட்டிய பிரிவு அது. மூன்றாம் பிரிவில் விளையாட்டுத் திறனுக்காக உதவித்தொகை கொடுக்கக் கூடாது என்பது விதி. படிக்க வந்தவர் விருப்பத்தால் ஆடுகிறார். இந்தக் கோப்பையை அந்தப் பிரிவில் பலமுறை பெற்ற வில்லியம்ஸ் கல்லூரி, படிப்புக்காக மாணவர்கள் போட்டி போட்டுக்கொண்டு சேரும் இடம். எம்.ஐ.டி.யின் அணிகளில் பெரும்பாலானவை அதே பிரிவில்தான் ஆடுகின்றன. ‘மூன்றாம் பிரிவு’ என்று எழுதினால் போதும். ‘தரம்’ என்ற சொல்லை அங்கே கொண்டுவர வேண்டாம்.