15 கிலோ டின்னா, 15 லிட்டர் டின்னா?

கல்யாணச் சமையல் எடுத்து நடத்தும் மாஸ்டர் ஒருவர் ஒருநாள் எங்கள் எண்ணெய் நிறுவனத்தின் ஆய்வகத்துக்கு நேராகவே வந்துவிட்டார். வழக்கமாக வாங்கும் கடையை விட்டுவிட்டு, டின்னுக்கு 100 ரூபாய் குறைகிறதே என்று வேறு கடையில் பத்து டின் கடலை எண்ணெய் எடுத்திருக்கிறார். "அதே மெனு, அதே ஆள் கணக்கு. ஆனா ஒரு டின் கிட்ட பத்தாமப் போச்சு சார். இதுல என்னமோ கலந்திருக்காங்க" என்றார். கோபத்தைவிடக் கவலைதான் அதிகம். கடைசிப் பந்திக்கு அவசரமாக எண்ணெய் வாங்க ஆள் அனுப்பியவரின் கவலை அது.

சோதித்துப் பார்த்தோம். எண்ணெயில் ஒரு குறையும் இல்லை. அவர் கொண்டுவந்த காலி டின்னைத் திருப்பிப் பார்த்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. பழைய கடை டின்னில் 15 கிலோ. புதுக் கடை டின்னில் 15 லிட்டர். இரண்டு டின்னும் பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும். 15 என்ற எண் பெரிதாகவும் அதன் பக்கத்தில் இருக்கும் அலகு சிறிதாகவும் கண்ணில் படும்.

சமையல் எண்ணெயின் அடர்த்தி, நம் ஊர் அறைவெப்பத்தில், லிட்டருக்கு ஏறத்தாழ 910 கிராம். கடலை எண்ணெய், நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், தேங்காய் எண்ணெய் எல்லாமே இதை ஒட்டித்தான் வரும், பத்துப் பதினைந்து கிராம் முன்னே பின்னே இருக்கலாம். ஆக, 15 லிட்டர் டின்னில் இருப்பது 13.65 கிலோ. 15 கிலோ டின்னில் இருப்பது கிட்டத்தட்ட பதினாறரை லிட்டர். டின்னுக்கு 1.35 கிலோ வித்தியாசம் என்றால் பத்து டின்னுக்கு 13.5 கிலோ, அதாவது முழுசாக ஒரு 15 லிட்டர் டின். எண்ணெய் கிலோ 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், டின்னுக்கு 100 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் 270 ரூபாய் எண்ணெயை விட்டிருக்கிறார். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. டின்னில் உள்ளபடிதான் கொடுத்தார்.

லிட்டரும் கிலோவும் ஒன்றுதான் என்ற எண்ணம் நமக்குத் தண்ணீரிலிருந்து வந்தது. 1795-ல் பிரான்சில் மெட்ரிக் முறையை வகுத்தபோது ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீரின் எடையைத்தான் ஒரு கிராம் என்று வைத்தார்கள். அதனால் ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. அது தண்ணீருக்கு மட்டும். நம் பாட்டிமார்களுக்கு இந்தக் குழப்பமே இருந்திருக்காது. ஒரு படி அரிசியும் ஒரு படி பொரியும் ஒரே கனம் இருக்காது என்று அவர்கள் கைக்கே தெரியும். படி என்பது இடத்தின் அளவு, தராசு காட்டுவது பொருளின் அளவு. ஒரு லிட்டர் இடத்தில் எத்தனை கிலோ பொருள் அடங்கும் என்பதுதான் அடர்த்தி.

விலையை ஒப்பிடும்போதும் இதே கணக்குதான். ஒரு கடையில் லிட்டர் 200 ரூபாய், இன்னொரு கடையில் கிலோ 210 ரூபாய். எது மலிவு? 210-ஐ 0.91-ஆல் பெருக்குங்கள். லிட்டருக்கு 191 ரூபாய் வரும். கிலோ கணக்கில் விற்கும் கடைதான் மலிவு. செக்கு எண்ணெய்க் கடைகளில் இதைக் கேட்டே வாங்குங்கள். கிலோ விலை வாங்கிக்கொண்டு லிட்டர் அளவையில் ஊற்றினால் ஒவ்வொரு முறையும் 90 கிராம் உங்களுக்குக் குறையும். அப்புறம், பழைய கூல்டிரிங்ஸ் பாட்டில் அளவை ஆகாது. முத்திரையிட்ட அளவையிலோ தராசிலோ அளந்து தரச் சொல்லுங்கள்.

இதில் வெப்பமும் சேர்ந்துகொள்ளும். எண்ணெய் சூடானால் விரியும், ஒரு டிகிரிக்கு லிட்டருக்கு சுமார் 0.7 மில்லி. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் கோடையில், விடியற்காலையில் மில்லி கணக்கில் செட் செய்த நிரப்பும் இயந்திரத்தை மதியம் வரை அப்படியே ஓட விட்டுவிட்டோம். தொட்டி எண்ணெய் பதினைந்து டிகிரி ஏறியிருந்தது. பாக்கெட்டில் அளவு சரியாக ஒரு லிட்டர், எடை மட்டும் பத்து கிராம் குறைவு. எடைச் சோதனையில் பிடித்து அந்த லாட் முழுவதையும் திரும்ப நிரப்பினோம். அன்றிலிருந்து நான் எடையை மட்டுமே நம்புகிறேன். எண்ணெய் சூடானாலும் குளிர்ந்தாலும் கிராம் மாறாது.

பாக்கெட்டில் "1 லிட்டர், 60 டிகிரியில்" என்று அச்சிடும் பழக்கம் முன்பு இருந்தது. அந்தச் சூட்டில் ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 893 கிராம்தான், 21 டிகிரியில் 919 கிராம். உங்கள் அடுக்களைக்கு வரும்போது அது முழு லிட்டராக இருக்காது. 2022 ஆகஸ்டில் ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, வெப்பநிலையைப் போடாமல் அளவை அச்சிட்டு அதோடு எடையையும் அச்சிடச் சொன்னது, 2023 ஜனவரி 15 வரை அவகாசமும் கொடுத்தது. எனவே பாக்கெட்டில் கிராம் எண்ணைத் தேடிப் பாருங்கள். லிட்டர் பாக்கெட்டின் அதே உயரத்தில் 850 கிராம், 800 கிராம், 750 கிராம் பாக்கெட்டுகளும் அலமாரியில் நிற்கின்றன. ஒரு லிட்டர் என்று நினைத்துத்தான் பலர் எடுத்துப் போகிறார்கள். வீட்டுத் தராசில் வைக்கும்போது, லிட்டர் பாக்கெட் கவரோடு சேர்ந்து 910-க்குச் சில கிராம் மேலே காட்டினால் சரி. ஒரு கிலோ காட்டவில்லையே என்று பதற வேண்டாம்.

தேனில் கதை நேர் எதிர். தேன் தண்ணீரைவிடக் கனமானது, லிட்டருக்கு சுமார் 1.4 கிலோ. ஒரு கிலோ தேன் முக்கால் லிட்டர் பாட்டிலிலேயே அடங்கிவிடும். பாட்டில் சிறியதாக இருக்கிறதே என்று சந்தேகப்பட வேண்டாம். ஆனால் எடை சரியாக இருந்தால் தேன் சுத்தம் என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். சர்க்கரைப் பாகும் அதே கனம் இருக்கும். தண்ணீர் அதிகம் கலந்தால் மட்டுமே எடை காட்டிக்கொடுக்கும்.

மார்கழி பிறந்ததும் தேங்காய் எண்ணெய்க்கு ஃபோன் வர ஆரம்பிக்கும். "கழுத்து வரை இருந்தது, இப்போ நடுவில் குழி விழுந்து கிடக்கு, குறைச்சுட்டீங்களா?" என்பார்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியை ஒட்டி உறையும், உறையும்போது சுருங்கும். பாட்டிலை முதலில் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வெதுவெதுப்பான நீரில் சற்று நேரம் நிறுத்தி, வெளியே துடைத்துவிட்டு மறுபடி வையுங்கள். மட்டம் கழுத்துக்கு ஏறியிருக்கும், எடை அதேதான் இருக்கும்.