சோயா விதையை ஊறவைக்காதீர்கள், தோலைப் பாருங்கள்

நெல்லை ஊறவைத்து முளைகட்டிப் பழகிய கை, சோயாவையும் ராத்திரியே தண்ணீரில் போடத்தான் பார்க்கும். வேண்டாம். தண்ணீர் சீக்கிரம் ஏறினால் சீக்கிரம் முளைக்கும் என்பது சோயா விஷயத்தில் தப்புக் கணக்கு, விதைப் பரிசோதனை வேலையில் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சோயா முளைக்க, தன் எடையில் ஏறக்குறைய பாதியளவு தண்ணீர் குடிக்க வேண்டும். அதை நிதானமாகக் குடிக்க வைப்பது மேல்தோல். காய்ந்த விதையில் செல் சவ்வுகள் குலைந்துபோய்க் கிடக்கும். ஈரம் மெல்ல ஏறினால் அவை சரியாகிவிடும், தோலில் விரிசல் இருந்து தண்ணீர் குபுக்கென்று புகுந்தால் அதற்குள் சர்க்கரையும் உப்பும் வெளியே கசிந்துவிடும், அந்தச் சர்க்கரைக்குப் பித்தியம் மாதிரியான அழுகல் பூஞ்சைகள் வந்துவிடும். வயலில் தோண்டிப் பார்த்தால் விதை கொழகொழவென்று கையோடு வரும். ஈரப்பதம் 10 சதவீதத்துக்கும் கீழே காய்ந்த விதை என்றால் பாதிப்பு இன்னும் மோசம்.

வீட்டிலேயே பார்க்கலாம். 100 விதையை எண்ணித் தண்ணீரில் போட்டுப் பத்து நிமிடம் கவனியுங்கள். நல்ல விதையில் தழும்புக்கு (விதை காயோடு ஒட்டியிருந்த இடம்) எதிர்ப்பக்கம், முதுகில், தோல் மட்டும் சுருக்கம் விழும். அடிபட்டது சட்டென்று உப்பும். ஒன்றிரண்டு அசையாமல் அப்படியே கிடக்கும், அவை கடின விதை, தண்ணீரே புகாது. ஆய்வகத்தில் இதையே ஹைப்போகுளோரைட் (பிளீச்) கரைசலில் செய்வோம், 10க்கு மேல் உப்பினால் விதைக்கு வேண்டாம் என்பது எங்கள் வழக்கம்.

சரி, அடி எங்கே படுகிறது? சோயாவின் முளைவேர் அந்த மெல்லிய தோலுக்கு நேர் கீழே, பாதுகாப்பே இல்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் மால்வா பகுதியில் விதைக்கான சோயாவைக் கதிரடிக்கும்போது இயந்திரத்தை நிமிடத்துக்கு 350 முதல் 400 சுற்றுக்குள் வைக்கச் சொல்வது அதனால்தான். அறுவடை நேரத்தில் மழையும் வெயிலும் மாறி மாறி அடித்தாலும் தோல் வெடிக்கும். அப்புறம் லாரி. மூட்டையை மேலிருந்து தூக்கிப் போடும் ஆளுக்கு அது சிமெண்ட்டா விதையா என்ற கவலையெல்லாம் கிடையாது.

சான்று விதைக்கு முளைப்புத்திறன் குறைந்தது 70 சதவீதம் இருக்க வேண்டும். ஆனால் மூட்டையின் சான்று அட்டையில் உள்ள எண் பரிசோதித்த அன்றைய நிலவரம், அதன்பிறகு மூட்டை எத்தனை முறை விழுந்தது என்று அதற்குத் தெரியாது. ஆகவே விதைப்பதற்கு ஒரு வாரம் முன்பு ஈரச் சாக்கில் 100 விதையைச் சுருட்டி வைத்து, முளைத்ததை ஒருமுறை எண்ணிவிடுங்கள். 60 தான் வந்தால் விதையளவைக் கூட்டலாம். பாதிகூட வரவில்லை என்றால் அதை எண்ணெய் ஆலைக்கு அனுப்பிவிட்டு வேறு விதை தேடுங்கள்.