தவறை அறிந்து பதில் சொல்லும் மொழிப்பயிற்சி

கற்பவர் தந்த விடையைப் பார்த்து, அதற்கேற்பத் தன் அடுத்த செயலை மாற்றிக்கொள்ளும் பாடமே ஊடாடும் பாடம். படங்கள் அசைவதாலோ பொத்தான்கள் மின்னுவதாலோ ஓர் இணையப் பக்கம் அந்தப் பெயருக்கு உரியதாகிவிடாது. இத்தகைய மொழிப்பாடங்களை உருவாக்கப் பெரும் பணம் வேண்டும் என்ற எண்ணம் இன்னும் பரவலாக இருக்கிறது. உண்மையில் கருவிக்கான செலவு ஏறத்தாழ மறைந்துவிட்டது; எஞ்சியிருப்பது ஆசிரியரின் உழைப்பு மட்டுமே.

இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1960இல் பிளேட்டோ என்னும் கணினிவழிக் கற்பித்தல் அமைப்பு தொடங்கியபோது, விடையைச் சரிபார்க்கும் வேலை முழுவதையும் மையத்தில் இருந்த பெருங்கணினியே செய்தாக வேண்டியிருந்தது. 1995இல் உலாவிக்குள்ளேயே இயங்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட் வந்தபின் அந்த வேலை கற்பவரின் உலாவிக்கே இடம்பெயர்ந்தது. வினாக்கள், ஏற்கத்தக்க விடைகள், ஒவ்வொரு விடைக்கும் உரிய மறுமொழி ஆகிய மூன்றும் ஒரே கோப்பாக இறங்கிவிடுகின்றன. அதன்பின், பக்கத்தை அனுப்பிவைத்த வழங்கிக் கணினியோடு தொடர்பு தேவையில்லை. கோடிட்ட இடத்தை நிரப்புதல், பொருத்துதல், சொற்களை வரிசைப்படுத்துதல் போன்ற பயிற்சிகளை நிரல் எழுதத் தெரியாதவர்களும் உருவாக்குவதற்காகக் கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் உருவான ஹாட் பொட்டேட்டோஸ் மென்பொருள் இந்த வழியைத்தான் பின்பற்றியது. 2009இலிருந்து அது எல்லோருக்கும் இலவசம். நார்வேயில் தொடங்கிய எச்5பி என்னும் திறந்த மூலக் கருவி, காணொளியின் நடுவே வினா எழுப்பும் வசதியையும் சேர்த்துத் தருகிறது.

கோப்பின் அளவைக் கணக்கிட்டால் செலவு எங்கே இருக்கிறது என்பது விளங்கும். எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் பரவலான யுடிஎஃப்-8 முறையில், தமிழின் ஒவ்வொரு குறியும் (ஓர் எழுத்தோ, அதனோடு சேரும் கொம்பு, கால் போன்றதோ) 3 பைட் எடுத்துக்கொள்கிறது. ஒரு வினாவுக்கு 100 குறிகள் என்று கொண்டால், 100 வினாக்களும் சேர்ந்து 30 கிலோபைட் அளவே ஆகும். ஒலி அப்படியன்று. குறுந்தட்டின் தரத்தில் ஒற்றைத் தடமாகப் பதிவுசெய்த ஒரு நிமிடப் பேச்சு ஏறத்தாழ 5.3 மெகாபைட் இடம் பிடிக்கும். அதையே ஓபஸ் முறையில் நொடிக்கு 24 கிலோபிட் என்ற அளவுக்குச் சுருக்கினால் 180 கிலோபைட்டில் அடங்கும். பேச்சின் தெளிவு கேட்கப் போதுமானதாகவே இருக்கும். ஆகவே ஒலியைச் சுருக்கி, வாக்கியம் வாக்கியமாக வெட்டி, கேட்கும்போது மட்டும் இறங்கும்படி வைப்பதே சிக்கனத்தின் பெரும்பகுதி.

இனி, விடையைச் சரிபார்ப்பது எப்படி என்று பார்க்கலாம். எளிதாகத் தோன்றும் இந்த இடத்தில்தான் பல பயிற்சிகள் கெட்டுப்போகின்றன. கணினி எழுத்தைப் பார்ப்பதில்லை, எண்களையே ஒப்பிடுகிறது. ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண் தரும் ஒருங்குறியில் ‘கொ’ என்பதை இருவகையாகச் சேமிக்க முடியும்: ககரத்தை அடுத்து ஒகரத்துக்குரிய ஒரே குறியை இடுவது ஒன்று, ஒற்றைக்கொம்பையும் துணைக்காலையும் இரண்டு குறிகளாக இடுவது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். எண்களாக ஒப்பிட்டால் இரண்டும் வேறு. சரியாக எழுதியவருக்குத் ‘தவறு’ என்ற தீர்ப்பு வருவதைவிடக் கற்பவரின் ஊக்கத்தைக் கெடுப்பது வேறில்லை. இதற்குத் தீர்வாக, ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் இயல்பாக்கச் செயற்கூறு ஜாவாஸ்கிரிப்டின் 2015ஆம் ஆண்டுத் தரத்திலேயே இருக்கிறது; ஒரே வரியில் வேலை முடிந்துவிடும். ஆனால் ஔகாரக் குறியின் பின்பகுதிக்குப் பதிலாக ளகர எழுத்தைத் தட்டச்சு செய்திருந்தால் அது இயல்பாக்கத்துக்குள் அடங்காது. அந்த வடிவத்தை நாமே ஏற்கத்தக்க விடைகளுள் சேர்த்துவைக்க வேண்டும்.

சிறு எழுத்துப்பிழையை மன்னிக்கும் பொருட்டு, பலர் லெவன்ஷ்டைன் தொலைவைப் பயன்படுத்துகிறார்கள். ரஷ்யக் கணிதவியலாளர் விளாதிமிர் லெவன்ஷ்டைன் 1965இல் வகுத்த இந்த அளவு, ஒரு சொல்லை மற்றொன்றாக்க எத்தனை குறிகளைச் சேர்க்கவோ நீக்கவோ மாற்றவோ வேண்டும் என்று எண்ணிச் சொல்கிறது. மொழிப்பாடத்தில் இதைக் கண்மூடிப் பயன்படுத்துவது ஆபத்து. ‘நான் வந்தேன்’ என்பதற்கு ஒருவர் ‘வந்தேண்’ என்று எழுதினால் தொலைவு 1. ‘வந்தான்’ என்று எழுதினாலும் தொலைவு 1. முன்னது எழுத்துப்பிழை, பின்னது தன்மைக்கும் படர்க்கைக்கும் உள்ள வேறுபாட்டையே அறியாத பிழை. தொலைவை மட்டும் நம்பும் நிரல் இரண்டையும் ஒன்றாகவே மன்னித்துவிடும். எனவே, எதிர்பார்க்கும் பிழைகளின் பட்டியலை முதலில் ஒப்பிட்டு, அதில் இல்லாதவற்றுக்கு மட்டும் தொலைவைக் கணக்கிடுவதே முறை.

அந்தப் பட்டியலைத் தயாரிப்பதுதான் இந்தப் பணியின் உயிர்நாடி என்பது என் உறுதியான கருத்து. ஆங்கிலம் பேசுவோர் தமிழ் கற்கும்போது ‘எனக்குத் தண்ணீர் வேண்டும்’ என்பதற்கு ‘நான் தண்ணீர் வேண்டும்’ என்று எழுதுவது இயல்பு, ஏனெனில் அவர்களுடைய மொழியில் விரும்புபவர் எழுவாயாக நிற்கிறார். அந்த விடைக்குத் ‘தவறு, மீண்டும் முயல்க’ என்று காட்டுவதால் பயனில்லை. ‘வேண்டும் என்னும் சொல்லோடு, தேவைப்படுபவரைக் குறிக்கும் சொல் கு உருபு ஏற்று வரும்’ என்று காட்டினால், அந்த நொடியிலேயே கற்றல் நிகழ்கிறது. இப்படிப்பட்ட பிழைகள் கற்பவர்களின் பழைய ஏடுகளில் குவிந்து கிடக்கின்றன. எந்த மென்பொருளும் அவற்றைத் தானாக அறிந்து தருவதில்லை.

விடையை நினைவிலிருந்து எடுக்கச் செய்வதே கற்றலுக்கு வலுச் சேர்க்கிறது என்பதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. கார்பிக், ரோடிகர் ஆகிய உளவியலாளர்கள் இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் 40 சுவாகிலிச் சொற்களை ஆங்கிலப் பொருளோடு கற்றார்கள். ஒருமுறை சரியாகச் சொன்ன சொற்களையும் தொடர்ந்து சோதித்துக்கொண்டவர்கள் ஒரு வாரம் கழித்து ஏறத்தாழ 80 விழுக்காட்டை நினைவுகூர்ந்தார்கள். அச்சொற்களைச் சோதனையிலிருந்து நீக்கிவிட்டவர்கள், அவற்றைத் தொடர்ந்து படித்திருந்தாலும்கூட, 40 விழுக்காட்டைத் தொடவில்லை. ஆகையால், சரியான விடை வந்ததும் அந்த வினாவைக் கைவிடாமல், இடைவெளி விட்டு மீண்டும் கேட்க வேண்டும். ஜெர்மானிய எழுத்தாளர் செபஸ்டியன் லைட்னர் 1970களில் அட்டைகளைக் கொண்டு சொன்ன பெட்டிமுறை இதற்குப் போதும்: சரியாகச் சொன்ன சொல் நீண்ட இடைவெளிக்குரிய அடுத்த பெட்டிக்குப் போகும், தவறினால் முதல் பெட்டிக்குத் திரும்பும். ஒவ்வொரு சொல்லுக்கும் பெட்டி எண், அடுத்த தேதி ஆகிய இரண்டை மட்டும் உலாவியின் உள்சேமிப்பில் குறித்துவைத்தால் போதும். கணக்குத் தொடங்குவதோ கடவுச்சொல்லோ தேவையில்லை. கணினியோ கைபேசியோ மாறினால் அந்தக் குறிப்பு கூடவராது என்பதைக் கற்பவரிடம் முன்பே சொல்லிவிடுவது நேர்மை.

பேச்சுப் பயிற்சியில் இந்த எளிய முறைக்கு எல்லை உண்டு. உச்சரிப்பை மதிப்பிடும் வேலையை நிரலிடம் ஒப்படைப்பதைவிட, முன்மாதிரிக் குரலையும் கற்பவரின் பதிவையும் அடுத்தடுத்துக் கேட்கச் செய்வது நம்பகமானது. உலாவியே ஒலியைப் பதிவுசெய்யும், எதையும் வெளியே அனுப்ப வேண்டியதில்லை.

இவ்வளவும் செய்தபின், வினா, விடை, மறுமொழி ஆகியவற்றை எந்தக் கருவியின் உள்ளேயும் பூட்டிவைக்காமல் சாதாரண உரை அட்டவணையாகத் தனியே வைத்திருப்பது அவசியம். அசைபடங்களையும் பயிற்சிகளையும் உலாவியில் இயக்கிவந்த ஃபிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31 அன்று நின்றபோது, அதில் உருவாக்கப்பட்ட ஏராளமான பயிற்சிகள் உலாவிகளில் திறக்க முடியாமல் போயின. உரையைத் தனியே வைத்திருந்தவர்களால் அவற்றைப் புதிய கருவிக்கு மாற்றிக்கொள்ள முடிந்தது.