ரோக்: ஒரு வசைச்சொல்லின் வரலாறு

ஆங்கிலத்தில் 'ரோக்' என வழங்கும் சொல்லுக்கு அயோக்கியன், போக்கிரி, கயவன் என்றெல்லாம் பொருள் எழுதுவது நம் வழக்கம். அவை தவறல்ல, ஆனால் 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் திரும்பத் திரும்ப அச்சேறிய பாம்ஃபீல்டு மூர் கேரூவின் வாழ்க்கைக் கதையைத் தமிழில் சொல்ல முற்பட்டால் இவற்றில் எதுவும் சரியாகப் பொருந்துவதில்லை.

டெவன் மாவட்டத்துப் பிக்லீயில் 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாதிரியார் மகனாகப் பிறந்த கேரூ, டிவர்ட்டனில் உள்ள பிளண்டல் பள்ளியில் படித்தான். மாணவர்கள் வேட்டை நாய்களோடு மானைத் துரத்திப் பயிரைப் பாழாக்கியதால் எழுந்த புகாருக்கு அஞ்சி, ஓடிப்போய் ஜிப்சிகளுடன் சேர்ந்தான். பின்னாளில் பிச்சைக்காரர்களின் அரசனாகவே தேர்ந்தெடுக்கப்பட்டான் என்பது கதை. 1745-இல் எக்ஸிடரில் வெளிவந்த நூல், 'பேர்போன ஊர்சுற்றி, நாய்த்திருடன்' என்று தலைப்பிலேயே அவனை அறிமுகப்படுத்துகிறது. 1749-இல் வந்த நூலின் தலைப்பில் 'அபாலஜி' என்ற சொல் உண்டு. அங்கே அதற்கு மன்னிப்பு என்பது பொருளன்று, தன் தரப்பு விளக்கம் என்பதே பொருள். மன்னிப்புக் கேட்கிற ஆள் கேரூ அல்லன்.

'ரோக்' என்பது 16-ஆம் நூற்றாண்டின் நடுவில், தெருவில் திரிவோரின் குழூஉக்குறியிலிருந்து அச்சுக்கு வந்த சொல். அதன் வேர் உறுதிப்படவில்லை. ஆக்ஸ்ஃபோர்டிலோ கேம்பிரிட்ஜிலோ படிக்கும் ஏழை மாணவன் என்று சொல்லிக்கொண்டு இரந்து திரிந்தவனை அக்காலத்தில் 'ரோகர்' என்றார்கள். அதன் குறுக்கமே 'ரோக்' என்றும், 'கேள்' எனப் பொருள்படும் லத்தீன் 'ரொகாரே' அதற்கு அடியாக இருக்கலாம் என்றும் கருதுவோர் உண்டு. இந்த ஊகத்துக்கு இசைவாக, உரிமம் இன்றிப் பிச்சையெடுக்கும் அவ்விரு பல்கலைக்கழக மாணவர்களையும் 1572-ஆம் ஆண்டுச் சட்டம் கூத்தாடிகள், கைரேகை பார்ப்போர், கூவி விற்போர் ஆகியோரோடு 'ரோக்' எனப்படுவோரின் பட்டியலில் சேர்த்தது. பிடிபட்டவனுக்குச் சவுக்கடியும், வலக்காது மடலில் ஓர் அங்குலச் சுற்றளவுள்ள பழுக்கக் காய்ச்சிய இரும்பால் துளையும் தண்டனை.

ஆக, முதலில் 'ரோக்' என்றால் இரந்து திரிபவன்தான்; கெட்டவன் என்ற பொருள் பின்னர் ஏறியது. கூடவே செல்லப் பொருளும் ஏறியது: ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் ஃபால்ஸ்டாஃபை அவன் காதலி கொஞ்சுவது இந்தச் சொல்லால்தான், நம் வீடுகளில் குறும்புக்காரப் பிள்ளையைப் 'போக்கிரிப் பயலே' என்பதுபோல. சட்டத்தின் நடையிலோ 'ரோக்கும் வேகபாண்டும்' என்ற இரட்டைத் தொடர் 1744, 1824 ஆகிய ஆண்டுகளின் திரிவோர் சட்டங்கள் வரை உறைந்து நின்றது. 'வேகபாண்ட்' என்பது அலைதலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. அதில் ஐயம் இல்லை.

இனித் தமிழுக்கு வருவோம். வரலாற்றால் மிக நெருங்கியது 'பரதேசி'. பிற தேசத்தான் என்ற பொருளில் தொடங்கி, இரந்துண்டு திரியும் துறவியைக் குறித்து, இன்று வெறும் வசையாகிவிட்ட அச்சொல்லில் ஆன்மிக வாடை இன்னும் மிச்சமிருக்கிறது. கேரூவுக்கு அது ஒட்டாது. 'நாடோடி' சில சமூகங்களின் வாழ்முறையைக் குறிப்பதால், குற்றப் பொருளில் அதை ஆளுவது முறையன்று. மனம்போனபடி நடப்பதால் கயவர் தேவரைப் போன்றவர் என்று வள்ளுவர் எள்ளும் குறள் கேரூவுக்கென்றே எழுதியதுபோல் இருந்தாலும், 'கயவன்' என்பதில் வெறுப்பு மட்டுமே உண்டு, வியப்பு இல்லை.

கேரூவின் தொழிலைப் பார்த்தால் விடை கிடைக்கும். கப்பல் உடைந்து கரைசேர்ந்த மாலுமி, எலி பிடிப்பவன், இரவல் குழந்தைகளைப் பேரப்பிள்ளைகளாகக் காட்டி அழும் கிழவி எனக் கோலம் மாற்றி, கொடுத்தவர்களிடமே மறுபடி கைநீட்டியதாக நூல்கள் சொல்கின்றன. அமெரிக்காவின் மேரிலாந்துக்கு நாடுகடத்தப்பட்டு, கழுத்தில் இரும்பு வளையத்தோடு தப்பி, அங்குள்ள பழங்குடியினர் அதை அகற்றிவிட, ஊர் திரும்பிய பின்னும் அதே பிழைப்புத்தான். இப்படி எத்திப் பிழைப்பவனுக்குத் தமிழில் 'எத்தன்' என்றே பெயர். 'எத்தனுக்கு எத்தன்' என்னும்போது நம் குரலில் கண்டனத்தோடு கொஞ்சம் பாராட்டும் கலந்துவிடுகிறதே, அந்தக் கலவைதான் 'ரோக்'கிலும் உள்ளது. சட்டத் தொடரை 'எத்தரும் திரிவோரும்' என்று பெயர்க்கலாம். கதைத் தலைப்புக்கு 'எத்தன் கேரூ' போதும்.